இரண்டாவது வெளிநடப்பு

மேலத்தோப்பு பேரூராட்சியில் வெளிநடப்பு என்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கூட்டம் என்று ஒன்று கூடினால் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும், அவ்வளவுதான். அதற்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. பிறகு கண்டன உரை, பிறகு கோஷம். கோஷம் போட்டபடியே வெளியே வந்து, எதிரில் இருக்கும் லிசியின் டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ. டீ உள்ளே இறங்கியதும் கோபமும் இறங்கிவிடும். அவரவர் வார்டு விஷயம் வரும் நேரம் பார்த்துப் பூனை மாதிரி ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுங்கட்சிக்காரர்களும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். போன முறை அவர்கள் எதிர்க்கட்சியாக இருந்தபோது அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே டீயைத்தான் குடித்தார்கள்.

இந்த ஒழுங்கில் அனுசுயாவுக்கு ஒரே ஒரு கஷ்டம். வெளியே வந்தால் அவளுக்குத் திரும்பி உள்ளே போக வராது.

அவள் கைலாசபுரத்துப் பெண். தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெல்டர், அதைவிட முக்கியமாகச் சங்கத்து ஆள். ஒரு ஸ்டிரைக்கின்போது பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் தீபாவளிப் பலகாரம் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த வீட்டுப் பெண்ணோடு அனுசுயா ஸ்கூலுக்குச் சேர்ந்து போவதும் நின்றது. எல்லாரும் வெளியே நிற்கும்போது உள்ளே போகிறவனுக்கு அப்பா ஒரே பெயர்தான் வைத்திருந்தார்: கருங்காலி. திருட்டு, பொய், குடி எல்லாவற்றுக்கும் அவர் அகராதியில் மன்னிப்பு இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை.

கல்யாணம் ஆகி ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே இந்த வாழைத்தோப்பு ஊருக்கு வந்தாள். புருஷன் அரவிந்தன் மருந்துக்கடை வைத்திருந்தான். மாத்திரை வாங்க வருகிறவர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் தேர்தலில் நின்று கவுன்சிலராகவும் ஆகிவிட்டாள். கட்சி தோற்றது, அவள் ஜெயித்தாள். மன்றத்தில் அவள் கட்சிக்கு மொத்தம் நாலு பேர்.

அவளை ஜெயிக்க வைத்தது வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கும் தோப்புத்தெரு. அந்தத் தெருவுக்கு வழி என்பது வாய்க்காலின் குறுக்கே போட்ட இரண்டு தென்னை மரங்கள். அக்கரை ஜனங்கள் அதில் வாழையிலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் விறுவிறுவென்று நடந்து இக்கரைக்கு வருவார்கள். இலையைக் காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகக் குட்டியானை வண்டி ரோட்டில் காத்திருக்கும். அனுசுயாவுக்கு அந்த மரத்தில் நடக்க வராது. ஓட்டுக் கேட்கப் போன முதல் நாள் நடுவழியில் நின்றுவிட்டாள். அக்கரையில் இலை நறுக்கும் ராக்கம்மாள்தான் எதிர்ப்பக்கமிருந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அன்றிலிருந்து எப்போது போனாலும் ராக்கம்மாள் கைதான்.

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாங்க. ஒரு பாலம். அது போதும்" என்றாள் ராக்கம்மாள் அன்றைக்கு.

அவள் கேட்டது ஊருக்காக மட்டும் இல்லை. அவள் புருஷன் பிச்சமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டது. உடற்பயிற்சி சிகிச்சைக்கு ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மரத்தின் மேல் நடந்தார்கள். மழை பெய்த ஒரு நாள் முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் பிச்சமுத்து தண்ணீரைப் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டு வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே கோலை ஊன்றி நடந்து பழகுவதுதான் அதற்கப்புறம் அவருக்கு வைத்தியம்.

"பாலம் வரட்டும் கவுன்சிலரம்மா. நானே நடந்து வரேன். நீங்க தெறக்கிற அன்னைக்கு மொத ஆளா நான்தான் நடப்பேன்" என்பார்.

பாலத்துக்காக அனுசுயா நாயாய் அலைந்தாள். பணம் இல்லாமல் இல்லை. பணம் யாருடையது என்பதில்தான் சண்டை. டெல்லி தரவில்லை என்று சென்னை சொன்னது. தந்ததை என்ன செய்தாய் என்று டெல்லி கேட்டது. பாதி அவர்கள், பாதி இவர்கள் போட வேண்டிய திட்டத்தில், யார் பாதியை முதலில் போடுவது, போர்டில் யார் படத்தைப் போடுவது என்று கோப்பு தூங்கியது. தினமும் ராத்திரி டிவியில் நாலு பேர் உட்கார்ந்து இதைப் பற்றிக் கத்தினார்கள். அனுசுயாவும் அதைப் பார்த்துத் தன் கட்சி ஆள் பேசும்போது கை தட்டியிருக்கிறாள். தென்னை மரம் என்னவோ அப்படியேதான் கிடந்தது.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பேரூராட்சித் தலைவர் சிவசங்கர் அவளுக்கு போன் செய்தார். ஆளுங்கட்சிக்காரர்தான், ஆனால் பழுதில்லாத மனுஷன்.

"அனுசுயாம்மா, பணம் வந்திருச்சு. ஒரு வேலைக்குத்தான் வரும். உங்க தோப்புத்தெரு பாலத்த ஏழாவது பொருளா வச்சிருக்கேன். எங்க ஆளுங்க மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க, எதிர்க்கட்சி வார்டுக்கு எதுக்குன்னு. நான் பேசி ஒத்துக்க வச்சிருக்கேன். நீங்க எந்திரிச்சு, எங்க வார்டுக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டாப் போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

"ரொம்ப நன்றிண்ணே."

"நன்றியெல்லாம் பாலம் கட்டினப்புறம். நாளைக்குச் சீட்ட விட்டு மட்டும் எந்திரிக்காதீங்க. மாசக் கடைசிக்குள்ள வேலைய முடிவு பண்ணலைன்னா பணம் திரும்பிப் போயிரும்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அரவிந்தனிடம் சொன்னாள். ராக்கம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. முடிந்த பிறகு சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டாள். அந்த ஒன்றையாவது அவள் சரியாகச் செய்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் பேரூராட்சி அலுவலக வாசலில் கட்சியின் பேரூர்ச் செயலாளரும் அந்த நாலு கவுன்சிலர்களில் ஒருவருமான மாத்ருபூதம் கரைவேட்டி சரசரக்க நின்றுகொண்டிருந்தார். திருச்சியிலிருந்து மாவட்டச் செயலாளர் உத்தரவு வந்திருந்தது. எதிர்க்கட்சி வார்டுகளுக்கு நிதி ஒதுக்காமல் பாரபட்சம் காட்டுவதைக் கண்டித்து இன்றைக்கு எல்லா மன்றத்திலும் வெளிநடப்பு.

"அண்ணே, இன்னைக்கு நான் மட்டும் உள்ள இருக்கட்டுமா? ஏழாவதா எங்க பாலம் வருது" என்றாள் அனுசுயா.

மாத்ருபூதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கறதே நாலு பேரும்மா. மூணு பேர் வெளில வந்து ஒருத்தர் உள்ள உக்காந்திருந்தா அதுக்குப் பேரு வெளிநடப்பா? பாத்ரூம் போயிட்டு வந்த மாதிரி இருக்கும். அதுவும் கோஷம் யாரு போடறது? உங்க தொண்டைதான் எடுபடும்."

"பாலம்ண்ணே."

"பாலத்த யாரு வேணாங்கறா? ஏழாவது பொருள்தான? ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் இழுக்கறாங்கன்னு தெரியாதா? வெளில வந்து ஒரு டீயக் குடிச்சிட்டு நேரா உள்ள போய் உக்காந்துக்கங்க. எல்லாரும் பண்றதுதான்."

எல்லாரும் பண்ணுவதுதான். அவள் ஒருத்திதான் பண்ணியதில்லை. இன்றைக்குப் பண்ணிவிடுவது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அப்பா இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, எங்கிருந்தும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

கூட்டம் தொடங்கியது. கையெழுத்து ஆனது. செயல் அலுவலர் வஹீதா முதல் பொருளை வாசிக்கக் கண்ணாடியை மாட்டியதுமே மாத்ருபூதம் ஜாடை காட்டினார், நாலு பேரும் எழுந்தார்கள். சிவசங்கர் அனுசுயாவைப் பார்த்தார். உட்காருங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இதோ வந்துவிடுவேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வெளிநடப்பு செய்கிறவர் அதைச் சொல்லிவிட்டா செய்ய முடியும்?

கோஷம் என்னவோ பிரமாதமாகத்தான் வந்தது. சின்ன வயசிலேயே தொழிற்சாலை கேட் வாசலில் அப்பாவோடு நின்று கத்திப் பழகிய தொண்டை அல்லவா. "கொடுத்தியா கொடுத்தியா, எங்க வார்டுக்கு ஒரு ரூபா கொடுத்தியா" என்று அவள் எடுத்துக் கொடுக்க, மற்ற மூவரும் பின்பாட்டுப் பாட, ஊர்வலம் படி இறங்கி ரோட்டைத் தாண்டி டீக்கடையை அடைந்தது. லிசி கேட்காமலே கிளாஸ்களைக் கழுவி அடுக்கினாள்.

அனுசுயா டீயை வாயில் சுடச்சுட ஊற்றிக்கொண்டாள். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டினாள். அலுவலக கேட்டின் மேல் கையும் வைத்துவிட்டாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டாள், அதுதான் பின்னால் அவளைப் போட்டு வாட்டியது.

"மேடம், மேடம், ஒரு நிமிஷம்."

உள்ளூர் டிவிக்குச் செய்தி அனுப்பும் வசீம் பைக்கை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தான். திருச்சியிலிருந்து வரும் வழியில் ரயில்வே வேலையால் டிராபிக் என்றான். முகமெல்லாம் வியர்வை.

"மிஸ் பண்ணிட்டேன் மேடம். இன்னொரு தடவ வெளில வந்துருங்களேன். படியிலேருந்து வந்தாப் போதும். மாவட்டத்துலேருந்து வீடியோ கேட்டிருக்காங்க."

மாத்ருபூதம் அதற்குள் மற்ற இருவரையும் டீக்கடையிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மூவரும் படியில் ஏறி வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள். அது அவளுடைய இடம்.

"வாங்கம்மா. சட்டுனு முடிச்சிரலாம்" என்றார் மாத்ருபூதம்.

அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கூட நிற்க வேண்டியவர்களை இடித்து ஒதுக்கிக்கொண்டு கதவுக்குள் நுழைய வேண்டும். அனுசுயாவின் கால் அந்த இடத்தில் நின்றது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் டிபன்பாக்ஸை மறைத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்பா அவரைத் திட்டக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு தடவை கோஷம் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவள் போய் அந்தக் காலி இடத்தில் நின்றாள்.

இரண்டாவது வெளிநடப்பு முதலாவதைவிட நன்றாக இருந்தது. முஷ்டியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னான் வசீம், உயர்த்தினாள். "கொடுத்தியா கொடுத்தியா, எங்க வார்டுக்கு ஒரு ரூபா கொடுத்தியா." அப்போதுதான் உள்ளேயிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தட்டல் இல்லை, எல்லா மேசையும் சேர்ந்து.

அவள் உள்ளே ஓடினாள். வஹீதா கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்துவிட்டிருந்தது.

எதிர்க்கட்சி உள்ளே இருந்தால்தானே ஒவ்வொரு பொருளுக்கும் வாக்குவாதம், இழுபறி. நாலு பேரும் வெளியே போய்விட்டால் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்? வாசிக்க வாசிக்க நிறைவேறிக்கொண்டே போயிருக்கிறது. இத்தனை கூட்டம் பார்த்த அவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

சிவசங்கர் அவளை ஜன்னலோரம் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருக்கலாம்.

"ஏழாவது பொருள அந்தம்மா வாசிச்சாங்க. உங்க நாற்காலி காலியா இருக்கு. சரி, வருவாங்கன்னு நான் ஏதோ கணக்குக் கேக்கற மாதிரி இழுத்துட்டு இருந்தேன். அப்பப் பாத்து வெளிலேருந்து உங்க குரல் வருது, எங்க வார்டுக்கு ஒரு ரூபா குடுத்தியான்னு. எங்க ஆளுங்க மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் கோவம் வந்திருச்சு. குடுக்கறப்பவே இந்தப் பேச்சுன்னா எதுக்குக் குடுக்கணும்னு ஒருத்தர் கேட்டாரு. நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

"பணம்ண்ணே?"

"பஸ் ஸ்டாப்கிட்ட அலங்கார வளைவு. ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டாரு, எல்லாரும் மேசையத் தட்டிட்டாங்க. என்னால நிறுத்த முடியல."

"மாத்தி எழுத முடியாதா?"

முடியாது என்று அவர் தலையை ஆட்டினார். "ஒரு பத்து நிமிஷம் உக்காந்திருக்கக் கூடாதாம்மா?"

அனுசுயா படி இறங்கி வந்தாள். வெளியே மாத்ருபூதம் போனைக் காதில் வைத்து, அருமையாக நடந்தது, வீடியோ இதோ வருகிறது என்று மாவட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது, பிறகு மலர்ந்தது. "பாத்தீங்களா, நம்ம வார்டுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு சொன்னமில்ல? நாளைக்கே ஒரு ஆர்ப்பாட்டம் வச்சிருவோம்" என்றார். அவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று அனுசுயாவுக்கு வந்தது. ஆனால் அவர் யாரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. வசீமும் இழுக்கவில்லை. படியில் ஏறி நின்ற கால் அவளுடையது.

சாயங்காலம் தோப்புத்தெருவுக்குப் போனாள். யாராவது சொல்லித் தெரிவதற்குள் தானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு அவசரம். ஆனால் அவளுக்கு முன்பே வீடியோ போய்விட்டிருந்தது. வாய்க்காலுக்கு இக்கரையில் அவள் தலையைக் கண்டதும் ராக்கம்மாள் இலை நறுக்கும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மரத்தின் மேல் நடந்து வந்து கையை நீட்டினாள். முகமெல்லாம் பல்.

"பக்கத்து வீட்டுல போன்ல காட்டினாங்க கவுன்சிலரம்மா. என்னா சத்தம், என்னா சத்தம். வெயில்ல நின்னு எங்களுக்காக இப்படி யாரு கத்துவா? வாங்க, பாத்து வைங்க காலை."

அனுசுயா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மரத்தின் மேல் பேச முடியாது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

பிச்சமுத்து முருங்கை மரத்திலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார். கோல், கால், பிறகு இழுத்துக்கொண்டு இன்னொரு கால். முன்பு வந்ததைவிட நடை நன்றாகவே தேறியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்று ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"போட்டீங்களே ஒரு போடு. இதுக்கு மேலயும் குடுக்காம இருப்பானுங்களா?"

"எங்க வீட்டு ஆளு அத மூணு தடவ போடச் சொல்லிப் பாத்துச்சு" என்றாள் ராக்கம்மாள். "உக்காருங்க. காப்பி போடறேன்."

"வேணாம்க்கா. நில்லுங்க. ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். மாவட்ட உத்தரவைச் சொல்லவில்லை, வசீமைச் சொல்லவில்லை. பணம் வந்திருந்தது, பாலம் ஏழாவதாக இருந்தது, தான் உள்ளே இருந்து கேட்டிருக்க வேண்டும், வெளியே இருந்துவிட்டேன், பணம் வளைவுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். சொல்வதற்கு அது எவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ராக்கம்மாளுக்கு முதலில் பிடிபடவில்லை. முகத்தில் சிரிப்பு பாதியில் அப்படியே இருந்தது.

"அப்ப, நீங்க உள்ள உக்காந்திருந்தா பாலம் வந்திருக்கும்."

"வந்திருக்கும்க்கா."

"அப்புறம் எதுக்கு வெளில வந்தீங்க?"

அனுசுயா அவள் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். "நம்ம வார்டுக்கு ஒண்ணுமே குடுக்கலைன்னு சொல்றதுக்கு."

ராக்கம்மாள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், அதை வாங்கிக்கொண்டால் கொஞ்சம் ஆறும் என்று அனுசுயா எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். ராக்கம்மாள் கீழே கிடந்த கத்தியை எடுத்தாள். குந்தி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து இலையை நறுக்க ஆரம்பித்தாள். நாளைக்கு முகூர்த்த நாள், மார்க்கெட்டுக்கு இலை நிறையப் போக வேண்டும்.

"அடுத்த வருஷம் நான் எப்படியாவது..." என்று தொடங்கிய அனுசுயா பாதியில் நிறுத்தினாள். அந்த வார்த்தையை இந்த முற்றத்தில் எத்தனை பேர் வந்து சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்?

"நான் வரேன்க்கா" என்றாள்.

வாய்க்கால் கரைக்குத் தனியாகவே நடந்தாள். தென்னை மரம் ஈரமாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள், எடுத்தாள். பின்னாலிருந்து பிச்சமுத்துவின் குரல் கேட்டது.

"ராக்கு, போய்க் கையப் புடிச்சு விட்டுட்டு வா. அதுக்கு நடக்கத் தெரியாது."

ராக்கம்மாள் வந்தாள். எப்போதும்போலத்தான் கையை நீட்டினாள், எப்போதும்போலத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடு மரத்தில் வழுக்கும் இடத்தில் நிதானித்து, இன்னொரு கையாலும் தாங்கினாள். அந்தக் கை உதறிவிட்டிருந்தால் பரவாயில்லை என்று அனுசுயாவுக்கு இருந்தது. இக்கரையில் அவளை நிறுத்திவிட்டு ராக்கம்மாள் திரும்பிப் போனாள்.

பிச்சமுத்து வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். தினமும் அந்தத் தூரத்தை நடந்தே முடிக்கிறவர்.

"அந்த நாற்காலிய இங்க எடுத்துட்டு வா புள்ள" என்றார்.

ராக்கம்மாள் வீட்டுக்குள் போய், மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து தூசியைத் துடைத்துப் போட்டாள். பிச்சமுத்து கோலை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.